கம்பங்களத்துக் காவக்காரி

போன வாரம் என் வலது காதைப் பற்றி எழுதியிருந்தேன். மொட்டாகவே நின்றுபோன காது. அதில் தோடு போட இடம் தேடி என் அம்மா பட்ட பாட்டைப் படித்துவிட்டு, ஜெயங்கொண்டம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "காது மட்டும்தானா அம்மா, வேறு ஏதாவது குறையும் உண்டா?"

உண்டம்மா, உண்டு. கடவுள் எனக்குக் கொடுத்த எதிலும் கஞ்சத்தனம் பண்ணவில்லை. குறையைக்கூடத் தாராளமாகத்தான் கொடுத்தார்.

இந்த வாரம் கண்.

கண் என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது ஒரு கம்பங்களம். உச்சி வெயில். காலையில் காற்று பார்த்துத் தூற்றி முடித்த கம்பு களத்தின் நடுவே குவிந்து கிடக்கிறது. அந்தக் குவியலுக்குப் பொலி என்று பெயர். அதன் உச்சியில் ஒரு சாணிப் பிள்ளையார், தலையில் அறுகம்புல். ஆட்கள் கஞ்சி குடிக்கப் புளியமரத்துப் பக்கம் போகிறார்கள். பொலிக்குப் பக்கத்தில் ஒரு சாக்கை விரித்து, அதில் என்னைப் படுக்க வைக்கிறார் அப்பா.

"இடது பக்கமா ஒருக்களிச்சுப் படு ஆயி. வலது கண்ணு மேல தெரியணும். ம்... தூங்கு."

நான் தூங்குவேன். அதுதான் எனக்கு வேலை. அறுவடை முடிந்ததும் அதற்காக ஒரு முறம் கம்பு எங்கள் வீட்டுக்கு வரும். தூங்கிக் கூலி வாங்கிய ஒரே ஆள் அந்தத் தாலுகாவிலேயே நானாகத்தான் இருப்பேன். ஆபீஸ் உத்தியோகத்தில் இருப்பவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அரிவாளும் கிரகணமும்

நான் பிறந்தபோதே முகத்தின் வலது பக்கம் கொஞ்சம் சின்னதாக இருந்ததாம். தாடை சின்னது, காது சொன்னேனே அப்படி, காதுக்கு முன்னால் மிளகு அளவு ஒரு சதை மொட்டு. எல்லோரும் அதைத்தான் பார்த்தார்கள். வலது கண்ணின் மேல் இமையில் ஒரு துண்டு இல்லை என்பதை அம்மாதான் முதலில் கண்டாள். துணியை எலி கடித்த மாதிரி, இமையின் ஓரத்தில் ஒரு பள்ளம்.

விழித்திருக்கும்போது அது பெரிதாகத் தெரியாது. தூங்கும்போது மற்ற இடமெல்லாம் மூடிக்கொள்ளும், அந்தப் பள்ளம் மட்டும் ஜன்னல் மாதிரி திறந்தே இருக்கும். உள்ளே வெள்ளை விழி தெரியும். கண்ணைப் பார்த்து நான் விழித்திருக்கிறேனா தூங்குகிறேனா என்று யாராலும் சொல்ல முடியாது.

ஊர் சும்மா இருக்குமா? காரணம் கண்டுபிடித்தது. நான் வயிற்றில் இருந்தபோது ஒரு கிரகணம் வந்ததாம். அன்றைக்கு அம்மா அரிவாளைப் பிடித்தாளாம். அது என் இமையை அறுத்துவிட்டதாம். சூரியனுக்கு வந்த சீக்குக்கு என் இமை என்ன பாவம் பண்ணியது என்று நான் பிற்காலத்தில் பலரிடம் கேட்டுவிட்டேன். 

அம்மா அரிவாளைப் பிடித்தது உண்மைதான். வீட்டில் பூசணிக்காய் நறுக்க அல்ல. பண்ணை வயலில் கதிர் அறுக்கப் பிடித்தாள். நாங்கள் பண்ணை ஆட்கள். காணி நிலம் கிடையாது. குடியிருந்த குடிசையின் மண்ணும் பண்ணையாருடையது. அவரை நாங்கள் 'ஆண்டே' என்றுதான் கூப்பிடுவோம். அறுக்க வா என்றால் போக வேண்டியதுதான், ஆகாயத்தில் என்ன நடந்தாலும்.

அந்தப் பழியை அம்மா வாயைத் திறக்காமல் சுமந்தாள். ராத்திரியில் நான் தூங்கியதும் தன் முந்தானையை நனைத்துப் பிழிந்து என் வலது கண்மேல் போட்டுவிடுவாள். காய்ந்ததும் மறுபடி நனைப்பாள். அவள் எப்போது தூங்கினாள் என்று எனக்குத் தெரியாது.

காவக்காரி ஆன கதை

அது யுத்த காலம். அரிசி கிடைக்காது, மண்ணெண்ணெய் கிடைக்காது, துணி கிடைக்காது. களத்துத் தானியம் களவு போவது சர்வ சாதாரணம்.

ஒரு நாள் உச்சிப் பொழுதில் நான் பொலிக்குப் பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்து அப்படியே தூங்கிப்போனேன். முந்தானை போட அம்மா பக்கத்தில் இல்லை. எவனோ ஒருவன் கூடையோடு பொலிக்கு வந்திருக்கிறான். குனிந்தவன் என்னைப் பார்த்திருக்கிறான். சின்னப் பெண் ஒருத்தி அசையாமல் படுத்து, வெள்ளை விழியைக் காட்டிக்கொண்டு அவனையே பார்க்கிறாள். கூடையைப் போட்டுவிட்டு ஓடியவன்தான், வரப்பில் விழுந்து எழுந்து ஓடியதைத் தூரத்தில் ஆடு மேய்த்தவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

கூடை கிடந்தது. பொலி அப்படியே இருந்தது. நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் ஊரே என்னைச் சுற்றி நின்றது. "யாருடி அவன்? என்னா பாத்த?" என்று கேட்டார்கள்.

"ஒண்ணும் பாக்கல. தூங்குனேன்" என்றேன்.

"பாத்தியா, சொல்ல மாட்டேங்குறா. அது வெளிய சொல்லக்கூடாத காவலு" என்றார் ஒரு பெரியவர். நான் எத்தனை முறை 'தூங்கினேன்' என்று சொன்னாலும் அத்தனை முறையும் என் மதிப்பு கூடியது. உண்மையைச் சொல்லியே பேர் வாங்கியது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

அதற்கு முன்பே எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. ஆளில்லாத பொலியை உச்சிப் பொழுதில் முனி வந்து அள்ளிக்கொண்டு போகும் என்பார்கள். இப்போது கள்ளனுக்கும் முனிக்கும் சேர்த்து ஒரே காவல் கிடைத்துவிட்டது. ஆண்டே உத்தரவு போட்டார்: "இனிமே களத்துல பொலி கெடக்குற வரைக்கும் அந்தப் புள்ள அங்க படுக்கட்டும். கண்ண மூடிப்புடாதீங்க. துணி கிணி போடாதீங்க."

எனக்குப் 'காவக்காரி' என்று பேராகிவிட்டது.

ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் வேண்டும். எனக்கு அது பிடித்திருந்தது. மற்ற நாட்களில் என் முகத்தைப் பார்த்து ஒதுங்கிய பிள்ளைகள் அறுவடை நாட்களில் வழி விட்டார்கள். வயிற்றுப்பிள்ளைக்காரிகள் என் பக்கம் வரக் கூடாது என்று சொன்ன அதே கிழவிகள் எனக்கு வெல்லம் கொடுத்தார்கள். ஒரு சின்னப் பெண்ணுக்கு வேறென்ன வேண்டும்? "காவக்காரி முழிச்சிருக்கா" என்று சொல்லிக்கொண்டு ஆட்கள் கஞ்சிக்குப் போவார்கள். அது மட்டும் பொய். நான் தூங்குகிறேன் என்று ஒருவர்கூடச் சொன்னதில்லை.

சுணை

கம்பங்கதிரைத் தொட்டவர்களுக்குச் சுணை என்றால் என்னவென்று தெரியும். கண்ணுக்குத் தெரியாத பொடி. கழுத்தில் பட்டால் அரித்துக் கொல்லும். களத்தில் காற்றெல்லாம் அதுதான். அந்தக் காற்றில், மூட முடியாத கண்ணோடு, ஒவ்வொரு மத்தியானமும் நான் படுத்துக் கிடந்தேன்.

முதல் வருஷம் கண் சிவந்தது. அடுத்த அறுவடைக்குப் பிறகு வெயிலைப் பார்க்க முடியவில்லை. தண்ணீர் கொட்டும். மணல் போட்டுத் தேய்த்த மாதிரி உறுத்தும். அம்மா விளக்கெண்ணெய் விட்டாள். பக்கத்து வீட்டுக்காரியிடம் தாய்ப்பால் கேட்டு வாங்கி விட்டாள். கல்லங்குறிச்சிப் பெருமாளுக்கு ஒரு மரக்கால் கம்பு நேர்ந்துகொண்டாள். அந்தக் காலத்தில் நாங்கள் கோயிலுக்கு வெளியே நின்றுதான் கும்பிடுவோம். வெளியே நின்று வேண்டிக்கொண்டால் உள்ளே கேட்காதா என்ன.

ஒரு நாள் அம்மா என் முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். கருவிழியின் கீழ் ஓரத்தில் கஞ்சித் தண்ணீர் சொட்டியது போல ஒரு வெள்ளை.

முந்தானையால் கண்ணை ஒற்றிவிட்டு மறுபடி பார்த்தாள். அது போகவில்லை.

பெரம்பலூர் டார்ச் லைட்

அம்மாவுக்கு ஒரே தம்பி, தங்கவேலு மாமா. பூலாம்பாடிக்காரர். யாரோ ஒருவரின் வண்டியில் பருத்தி ஏற்றிக்கொண்டு பெரம்பலூருக்கு வருவார். அந்தச் சாக்கில் அக்காவைப் பார்க்க எங்கள் ஊருக்கும் ஒரு எட்டு வந்துவிட்டுப் போவார். வந்தவர் என் கண்ணைப் பார்த்தார்.

"ஏக்கா, இத வச்சிக்கிட்டு என்னா பண்ணிக்கிட்டிருக்க? கெளம்பு, பெரியாஸ்பத்திரிக்கிப் போவோம்."

எங்கள் ஊருக்குக் கிட்டே அரியலூரிலேயே ஆஸ்பத்திரி இருக்குமே, அதைத் தாண்டிப் பெரம்பலூருக்கு ஏன் போக வேண்டும் என்பீர்கள். மாமாவுக்கு ஒரு தடவை வண்டிச் சக்கரம் காலில் ஏறியபோது பெரம்பலூரில்தான் கட்டுப் போட்டார்கள். அதிலிருந்து அவருக்கு உலகத்தில் வைத்தியம் என்றால் பெரம்பலூர்தான். தலைவலி வந்தால்கூட அந்த ஊர்ப் பக்கம் திரும்பி உட்காருவார்.

அங்கே இருந்த டாக்டர் என் காதைப் பார்த்தார், தாடையைப் பார்த்தார். பிறகு ஒரு டார்ச் லைட்டை எடுத்து என் கண்ணில் அடித்தார். நான் கத்திய கத்தில் வெளியே மாடு மிரண்டது என்று மாமா சொல்வார்.

"கண்ணை மூடும்மா. தூங்குற மாதிரி மூடு" என்றார் டாக்டர். மூடினேன். அவர் நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஏம்மா, இத்தனை வருஷமா இது மூடுறதே இல்லையா?"

"இல்லீங்க."

"பானைக்கு மூடி இல்லாட்டா என்னம்மா ஆகும்? உள்ள இருக்கிற தண்ணி காஞ்சுபோகும், தூசி விழும். அதுதான் நடக்குது. இந்த வெள்ளை இன்னும் மேல ஏறினா பார்வை போயிடும். திருச்சியில இமையை இழுத்துச் சேர்த்துத் தைப்பாங்க. உடனே போங்க. அறுவடை, கல்யாணம்னு தள்ளிப் போடாதீங்க."

பிறகு அவர் சொன்னதை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. "முகத்துல ஒரு பக்கம் குறைஞ்சு பொறக்கிற புள்ளைங்களுக்குக் கண்ணைத்தான் முதல்ல பாக்கணும். எல்லாரும் காதைப் பாத்து ஐயோ பாவம்னு நின்னுடறாங்க."

இது எவ்வளவு சரி என்பது பல வருஷம் கழித்து வேறொரு கண் டாக்டர் விளக்கியபோதுதான் எனக்குப் புரிந்தது. கருவில் முகம் உருவாகும்போது காது, தாடை, இமை எல்லாம் ஒரே சமயத்தில் பக்கத்தில் பக்கத்தில் வளர்கின்றன. ஒன்று தடுமாறினால் பக்கத்தில் இருப்பதும் தடுமாறலாம். என்னைப் போல இமையில் பள்ளத்தோடு பிறப்பவர்கள் உண்டு. கண்ணின் மேலேயே சின்னக் கட்டியோடு பிறப்பவர்கள் உண்டு. விழி பிதுங்கி இமை எட்டாமல் போகிறவர்களும் உண்டு. முகத்தை மாற்ற முடியாவிட்டாலும் கண்ணைக் காப்பாற்றலாம் என்றார் அவர். இதை எந்த வீட்டிலாவது அப்படி ஒரு குழந்தையை வைத்துக்கொண்டு யோசிக்கிறவர்கள் படித்தால் நல்லது. யோசிக்காதீர்கள். தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

அன்றைக்கு நான் அவ்வளவு புத்திசாலியாக இல்லை. திரும்பி வரும்போது வண்டியில் உட்கார்ந்து அழுதேன்.

"ஊசிக்குப் பயமா ஆயி?" என்றார் மாமா.

"இல்ல மாமா. தச்சிப்புட்டா நான் காவக்காரி இல்லியே. அப்புறம் எனக்கு யாரு வெல்லம் குடுப்பா?"

மாமா வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு, "அடி போடி கிறுக்கி" என்றார். 

அம்மா வாயைத் திறந்தாள்

வீட்டுக்கு வந்து சொன்னதும் அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். அப்பா கெட்டவர் இல்லை, பயந்தவர்.

"சோளம் அறுத்துக்கிட்டிருக்காங்க பவுனு. இந்தக் களம் முடிஞ்சிரட்டும். இப்பப் போனா ஆண்ட கோச்சுக்குவாரு. குடிசையக் காலி பண்ணச் சொன்னா எங்க போறது?"

 விடிந்ததும் அம்மா எனக்குத் தலை வாரி, இருப்பதில் கிழியாத பாவாடையைக் கட்டிவிட்டு, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேரே களத்துக்கு நடந்தாள். அப்பா பின்னாலேயே ஓடி வந்தார்.

ஆண்டே புளியமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வெள்ளை மீசை, தோளில் துண்டு. குரலை உயர்த்திப் பேசும் பழக்கம் இல்லாதவர். அவருக்கு அதற்கு அவசியம் இருந்ததில்லை.

"என்னா பவுனு, காலங்காத்தால புள்ளையோட கெளம்பிட்ட?"

"திருச்சிக்கிப் போறங்க ஆண்டே. புள்ளைக்கிக் கண்ணு தைக்கணுமாம்."

"தைக்கிறதா? அது என்னா கிழிஞ்ச வேட்டியா?" என்று சிரித்தார். "சாமி குடுத்த கண்ண யாராச்சும் தச்சு மூடுவாங்களா? சோளம் வூடு வந்து சேரட்டும். அப்பறம் பாத்துக்கலாம்."

அப்பா, "சரிங்க ஆண்டே" என்று சொல்லிவிட்டார். அம்மா நகரவில்லை.

"சாமி குடுத்ததுங்களா? இவ பொறந்தன்னிக்கி ஊரு அப்புடிச் சொல்லலீங்களே. கெரகணத்துல அருவாளப் புடிச்சவ பண்ணுன பாவம்னுதான சொல்லிச்சு."

"அது ஊரு சொன்னது."

"ஆமாங்க. யாரு வயல்ல புடிச்சான்னு மட்டும் ஊரு கேக்கவே இல்லீங்க."

 அப்பா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். அம்மா இப்படியெல்லாம் பேசவே இல்லை என்று அப்பா கடைசிவரை சாதித்தார். நான் பக்கத்தில் நின்றேன். என் காதில் ஒன்று சின்னதுதான், மற்றது நன்றாகவே கேட்கும்.

ஆண்டே அம்மாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். களத்தில் என்னைத் தூங்க வைத்த அத்தனை பேரில் அதுவரை ஒருவரும் கேட்காததைக் கேட்டார்.

"நோவுதா?"

வெல்லம் ஞாபகம் வந்தது. பிள்ளைகள் வழி விட்டதும் ஞாபகம் வந்தது. பொலியும் சாணிப் பிள்ளையாரும் எதிரே இருந்தன. நோகவில்லை என்று சொல்லியிருந்தால் அன்றைக்குத் திருச்சிக்குப் போயிருக்க மாட்டோம். கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது.

"நோவுதுங்க. இங்க வந்து படுத்தா ரொம்ப நோவுதுங்க" என்றேன்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "கூட்டிக்கிட்டுப் போங்க. களத்துக்கு நான் ஒரு நாய வாங்கிக்கிறேன்" என்றார்.

சொன்னபடியே வாங்கினார். செவலை நாய். அது களத்துக்கு வந்த நாள் முதல் இரண்டு கண்களையும் நன்றாக மூடிக்கொண்டு தூங்கியது. அதற்கு யாரும் வெல்லம் கொடுக்கவில்லை.

கட்டுக்குள்ளே

அரியலூரில் ரயில் ஏறினோம். எனக்கு முதல் ரயில். பட்டாளத்துக்காரர்கள் நிறைந்திருந்த பெட்டியில் அம்மா என்னை மடியில் வைத்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். இந்தத் தடவை கரிப்புகைக்காக.

திருச்சி ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா இருந்தார். ஒல்லி, வேகமான நடை, வேகமான பேச்சு. என் கண்ணைப் பார்த்துவிட்டு, "நல்ல வேளை வந்தீங்க. பார்வை நடுவுல இன்னும் வெள்ளை ஏறல. தச்சுடலாம்" என்றார்.

அம்மா அவரை விடவில்லை. வாசல்வரை பின்னாலேயே போய்க் கேட்டாள். "அம்மா, ஒண்ணு கேக்கணுங்க. நான் கெரகணத்துல கதுரு அறுத்தங்க. அதனாலதானுங்களா?"

டாக்டரம்மா நின்றார். அவர் நின்று பேசியதை அந்த வார்டில் யாரும் பார்த்ததில்லையாம்.

"அன்னிக்கு நீ மட்டுமா அறுத்தே?"

"இல்லீங்க. வயலு முழுக்க ஆளுங்க."

"அதுல உன்னை மாதிரி வயித்துப்பிள்ளைக்காரி?"

"இருந்தாங்க, நாலஞ்சு பேரு."

"அவங்க பிள்ளைங்க எப்படி இருக்குது?"

அம்மா யோசித்தாள். "நல்லாத்தான் இருக்குதுங்க."

"அப்புறம் என்ன? போய்ப் பிள்ளைக்குக் கஞ்சி குடு" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அம்மா அங்கேயே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். அப்படி அவள் அழுது நான் பார்த்ததில்லை. இத்தனை வருஷம் இதை ஒருவராவது கேட்டிருக்கக் கூடாதா என்று எனக்கு இப்போது நினைத்தாலும் ஆத்திரம் வருகிறது. எங்கள் தெருவிலேயே அந்த நாலைந்து பிள்ளைகளும் ஓடி விளையாடிக்கொண்டுதானே இருந்தார்கள்.

மூக்கில் துணி வைத்து ஒரு தித்திப்பான நாற்றத்தை இழுக்கச் சொன்னார்கள். அதோடு சரி. விழித்தபோது ஒரே இருட்டு. தைத்த கண் அசையக் கூடாது என்று நல்ல கண்ணையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.

அந்த நாட்களில் எனக்கு ஆஸ்பத்திரி என்றால் வாசனையும் சத்தமும்தான். பினாயில், யாரோ உரிக்கும் ஆரஞ்சுப் பழம், தூரத்து ரயில் ஊதல். கட்டிலுக்குக் கீழே படுத்திருந்த அம்மா அடிக்கடி கையை நீட்டி என் கால் விரலைத் தொட்டுப் பார்ப்பாள். நானும் விரலை ஆட்டிக் காட்டுவேன். 'இருக்கேன்' என்று அதற்கு அர்த்தம்.

அம்மா போட்ட கூச்சல்

ஒரு காலையில் கட்டைப் பிரித்தார்கள். முதலில் நல்ல கண், பிறகு அது. டாக்டரம்மா விரலை ஆட்டி, "தெரியுதா?" என்றார்.

"வெரலு தெரியுது. ஓரத்துல பனி மாதிரி இருக்கு."

"அந்தப் பனி இருக்கும். இனிமே ஏறாது" என்றார்.

அந்தப் பனி இன்றும் இருக்கிறது. இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, வலது கண்ணால்தான் இந்த வரியைப் படித்துச் சரிபார்க்கிறேன். எழுத்துப் பிழை இருந்தால் அது கண்ணின் குற்றமில்லை.

மத்தியானம் கஞ்சி குடித்தேன். களைப்பு. அம்மா சொம்பை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். நான் தூங்கிப்போனேன்.

திடீரென்று பூமி அதிர்ந்தது. யாரோ என் இரண்டு தோளையும் பிடித்து உலுக்குகிறார்கள். "ஐயோ, என் ஆயி! எங்கண்ணு! எந்திரிடி! கண்ணத் தொறடி!" அம்மா. தரையில் சொம்பு உருண்டு தண்ணீர் ஓடுகிறது. வார்டு முழுக்க எழுந்து நிற்கிறது. நர்ஸம்மா ஓடி வந்து என் கையைப் பிடித்து நாடி பார்க்கிறார்.

நான் கண்ணைத் திறந்து, எரிச்சலோடு, "ஏம்மா எழுப்புன? நல்லாத் தூங்கிக்கிட்டிருந்தன்" என்றேன்.

"நீ கண்ண மூடிட்டியேடி!" என்றாள் அம்மா.

நர்ஸம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "அதுக்குத்தானம்மா ரயிலேறி வந்தீங்க?"

யாரோ முதலில் சிரித்தார்கள். அப்புறம் வார்டே சிரித்தது. அம்மாவும் சிரித்தாள், அழுகை நிற்காமலே.

அவள் மேல் என்ன தப்பு? நான் பிறந்த நாளிலிருந்து இரண்டு கண்ணும் மூடி அவள் என்னைப் பார்த்ததே இல்லை. அப்படிப் பார்ப்பது என்றால் அது நான் செத்த அன்றைக்குத்தான் என்று அவளுக்குள் எங்கோ பதிந்திருந்தது. பெற்ற பிள்ளை தூங்கும் முகம் எப்படி இருக்கும் என்பதே அவளுக்குத் தெரியாது.

"மறுபடி தூங்கு ஆயி" என்றாள். எனக்கு எங்கே தூக்கம் வரும்? இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். அம்மா அன்று பொழுது சாயும்வரை என் முகத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். கால் விரலைத் தொடவே இல்லை.

மறுபடி களம்

பெருமாளுக்கு நேர்ந்த கம்பைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். குடிசையை யாரும் காலி பண்ணச் சொல்லவில்லை. ஒரு முறம் கம்பு மட்டும் வரவில்லை. அப்பாகூட அதைக் கேட்டுப் போகவில்லை.

அடுத்த அறுவடை வந்தது. நான் இப்போது காவக்காரி இல்லை, சும்மா அம்மாவோடு களத்துக்கு வந்த பெண். காலையில் கதிர் பொறுக்கினேன். உச்சி வெயிலில் புளியமரத்து நிழலில், வைக்கோல்மேல் சாய்ந்தேன். பக்கத்தில் செவலை நாய் எனக்கு முன்பே தூங்கிவிட்டிருந்தது.

எவ்வளவு நேரமோ, சத்தம் கேட்டு அரைத் தூக்கம் கலைந்தது. எவர் வீட்டு ஆடோ பொலியில் வாயை வைத்துவிட்டது. ஆட்கள் கஞ்சிக் கலயத்தைப் போட்டுவிட்டு ஓடுகிறார்கள். ஒரு பொம்பளை எனக்குக் கிட்டே வந்து கத்தினாள். "ஏ காவக்காரி! ஆடு மேயுது, நீ பாட்டுக்குப் படுத்துக் கெடக்குற? எந்திரிடி!"

அம்மா ஓடி வரும் சத்தம் கேட்டது. ஆட்டை விரட்டத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். அந்தக் காலடி ஆட்டுப் பக்கமே போகவில்லை. எனக்கும் அந்தப் பொம்பளைக்கும் நடுவில் வந்து நின்றது.

"சத்தம் போடாத. புள்ள தூங்குறா."

எனக்கு விழிப்பு வந்துவிட்டது. ஆனாலும் நான் கண்ணைத் திறக்கவில்லை.